வாசகர் கேள்வி – பதில்: வைவா மேசைக்கு முன்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு

மருத்துவ மாணவர்களின் மன அழுத்தத்துக்கு யோகா உதவுமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான்கு வரிகளில் பதில் எழுதினேன். அது போதவில்லை என்பதை வந்து குவிந்த கடிதங்கள் சொல்லிவிட்டன. மருத்துவ மாணவர்களுக்கு 27 ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்துவிட்டு, இப்போது தருமபுரியில் ஓய்வில் இருக்கிறேன். இங்கே 2008-லும் கிருஷ்ணகிரியில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு, நம் ஊர்ப்பக்கத்து வீடுகளில் வெள்ளைக் கோட்டு காய்வதை அடிக்கடி பார்க்கிறேன். மனம் நிறைகிறது. அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம் முழுவதையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் அம்மா, நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். இப்போது எம்.பி.பி.எஸ். முதலாம் ஆண்டு. அப்பா தக்காளி விவசாயி. போன இன்டர்னல் தேர்வில், அனாடமி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், ஓர் எலும்பைக் கையில் கொடுத்தார்கள். கை நடுங்கி, எலும்பு தட்டில் மோதி எல்லோருக்கும் சத்தம் கேட்டது. வாய் உலர்ந்து, தெரிந்த பதில்கூட வரவில்லை. யோகா செய்தால் இது சரியாகுமா? எத்தனை நாளில்?
— மாணவி, பாலக்கோடு

மகளே, உன் கடிதத்தில் அந்தத் தட்டுச் சத்தத்தைப் படித்ததும் சிறிது நேரம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். நானும் பென்னாகரத்திலிருந்து தமிழ்வழியில் படித்துப் போனவள். 1981-இல் என் கையில் கொடுத்தது காரை எலும்பு. “வலப்பக்கத்து எலும்பா, இடப்பக்கத்து எலும்பா?” என்பதுதான் கேள்வி. முந்தின இரவு விளக்கு அணைக்கும் நேரம் வரை அதையே என் தோளில் வைத்து வைத்துப் பார்த்திருந்தேன். ஆனாலும் தேர்வாளர் முகத்தைப் பார்த்ததும் வலது எது, இடது எது என்பதே மறந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று இரவு கழிவறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன். எனக்கு மூளை இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு உடலியங்கியல் படித்தபோதுதான் விளங்கியது. கை நடுங்குவது, வாய் உலர்வது, நெஞ்சு படபடப்பது எல்லாம் உடல் ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளங்கள். ஆபத்து வந்துவிட்டது என்று உடல் எண்ணிக்கொள்கிறது. அட்ரீனலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது. ஓடுவதற்கும் சண்டையிடுவதற்கும் உமிழ்நீர் எதற்கு? உன் உடலுக்குக் கரடியும் தேர்வாளரும் ஒன்றுதான். வித்தியாசத்தை அதற்கு நாம்தான் பழக்கிக் கொடுக்க வேண்டும்.

எப்படிப் பழக்குவது என்பதை ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, என் செய்முறை வகுப்புதான் காட்டியது. தன்னியக்க நரம்பு மண்டலத்தைச் சோதிக்கும் பரிசோதனை ஒன்று உண்டு, நீயும் செய்வாய். ஒரு மாணவரைப் படுக்கவைத்து ஈ.சி.ஜி. ஒயர்களை மாட்டி, நிமிடத்துக்கு 6 மூச்சு மட்டும் விடச் சொல்வோம். 5 விநாடி உள்ளே, 5 விநாடி வெளியே. நான் பக்கத்தில் நின்று கையை உயர்த்தி, இறக்கிக் காட்டுவேன். ஓடும் காகிதத்தைப் பார்த்தால், மூச்சு உள்ளே போகும்போது கூரான கோடுகள் நெருங்கி நெருங்கி விழும். வெளியே வரும்போது ஒன்றுக்கொன்று விலகி நிற்கும். அந்த விலகலைச் செய்வது வேகஸ் என்ற பத்தாவது மூளை நரம்பு. இளம்பிள்ளைகளுக்கு உள்மூச்சில் இருக்கும் துடிப்புக்கும் வெளிமூச்சில் இருக்கும் துடிப்புக்கும் நிமிடத்துக்கு 15-க்கும் மேல் வித்தியாசம் வரும்.

சோதனை முடிந்து எழுந்திருக்கச் சொன்னால் பிள்ளைகள் உடனே எழ மாட்டார்கள். “இன்னும் கொஞ்ச நேரம் படுத்துக்கொள்கிறேன், மேடம்” என்பார்கள். இன்டர்னல் நெருங்கும் வாரங்களில் அந்தக் கட்டிலுக்குப் போட்டியே நடக்கும். பரிசோதனை என்ற பெயரில் நான் செய்துகொண்டிருந்தது பிராணாயாமத்தின் முதல் பாடம் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் உணர்ந்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. காலையில் எழுந்ததும் கட்டிலிலேயே முதுகை நிமிர்த்தி உட்கார். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழு. 6 எண்ணும்வரை மூக்கு வழியாகவே வெளியே விடு. நிமிடத்துக்கு 6 மூச்சு தானாக அமைந்துவிடும். நெஞ்சு ஏற வேண்டாம், வயிறு மெல்ல எழுந்து அடங்கினால் போதும். தலை கிறுகிறுத்தால் மிகையாக இழுக்கிறாய் என்று பொருள், குறைத்துக்கொள். 10 நிமிடம். இரவு படுக்கும் முன் இன்னொரு 10 நிமிடம், சுவரில் கால்களைத் தூக்கிச் சாய்த்துப் படுத்துக்கொண்டு செய். நாள் முழுவதும் உடல்களை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் நின்ற கால்களுக்கு அது பெரிய ஆறுதல். முடிந்தால் தாடாசனம், பூனை நீட்டம் போன்ற எளிய அசைவுகளை 5 நிமிடம் சேர்த்துக்கொள். ஃபார்மலின் நெடிக்குப் பயந்து தோளைக் குறுக்கிக்கொண்டே நிற்பதால் கழுத்து இறுகிப்போயிருக்கும்.

எத்தனை நாள் என்று கேட்டாய். மூன்று, நான்கு வாரம் விடாமல் செய்தால் உனக்கே தெரியும். வைவா அன்று காலையில் புதிதாகத் தொடங்காதே, அது பயன் தராது. பழகிய பிறகு, வரிசையில் நிற்கும்போது 5 மூச்சு போதும். உடலுக்கு அந்த வழி தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நடுக்கத்தைத்தான் மூச்சு குறைக்கும். ஆங்கிலச் சொற்களை அது நாக்கில் கொண்டுவந்து வைக்காது. எலும்பைக் கையில் பிடித்துக்கொண்டு அறைத்தோழியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பழகு. பத்து முறை தப்பாகச் சொல், பதினோராவது முறை வரும். 2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. உன் நிலையில் உன் வகுப்பிலேயே வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடித்துக் கூட உட்கார்.

என் மகன் முதலாம் ஆண்டில் ஒரு பாடத்தில் தவறிவிட்டான். இப்போது விடுதியில் தினமும் அரை மணி நேரம் யோகா செய்வதாகச் சொல்கிறான். அந்த அரை மணி நேரமும் படித்தால் தேறிவிட மாட்டானா?
— ஒரு தந்தை, மாரண்டஅள்ளி

ஐயா, உங்கள் கவலையில் பிழை இல்லை. ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். நான் படித்தபோது முதல் எம்.பி.பி.எஸ். ஒன்றரை ஆண்டு. 1997-இல் அதை ஓராண்டாகக் குறைத்தார்கள். அனாடமி, உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்களோ அன்றைக்கு இருந்ததைவிடக் கனத்திருக்கின்றன. இந்தச் சுமையில் பிள்ளைகள் முதலில் திருடுவது தூக்கத்திலிருந்துதான். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து எட்டு மணி நேரம் புத்தகத்தைப் பார்த்தாலும் பாதி நிற்காது. படித்தது நினைவில் படிவதே தூக்கத்தில்தான்.

அந்த அரை மணி நேரம் உங்கள் மகனுக்குப் பதற்றம் தணிந்த மூளையையும் நல்ல தூக்கத்தையும் கொடுத்தால், அது படிப்பு நேரத்தின் ஒரு பகுதிதான். முதலாண்டு மாணவர்கள் 50 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 1999-இல் வெளியானது. யோகா பழகியவர்களுக்குப் பரீட்சை நாளிலும் பதற்றம் குறைந்திருந்தது. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களோ மாதங்களோ நடந்தவை. அதனால் யோகா செய்தால் பாஸ் என்று நான் எழுத மாட்டேன். பதற்றம் குறையும் என்று எழுதுவேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரவு போன் செய்யும்போது “படித்தாயா?” என்று தொடங்காதீர்கள். “சாப்பிட்டாயா, தூங்கினாயா?” என்று கேளுங்கள். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு, போன் மணி அடித்தாலே வயிற்றைப் பிசையும்.

எங்கள் கல்லூரியில் யோகா வகுப்புக்கும் வருகைப்பதிவு எடுக்கிறார்கள். வராதவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார்கள். காலை 6 மணிக்கு மைதானத்தில் நின்றால் எரிச்சல்தான் வருகிறது. மன அழுத்தத்தைக் குறைக்கும் வகுப்பே மன அழுத்தம் தருகிறதே!
— இரண்டாம் ஆண்டு மாணவர்

தம்பி, உன் எரிச்சல் நியாயமானது. எந்தக் கல்லூரி என்று நீ எழுதாததும் நல்லதே. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் ஆண்டுதோறும் ஜூன் 12 முதல் 21 வரை, அதாவது உலக யோகா தினம் முடிய, 10 நாள் யோகப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் பெயரை ஒட்டி அவமானப்படுத்தினால், அந்தப் பிள்ளையின் உடல் யோகாவையும் தண்டனைக் கணக்கில் எழுதிக்கொள்ளும். பிறகு பத்து ஆண்டுகளானாலும் பாயை விரிக்க மாட்டான். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாரேனும் இருந்தால், கைகூப்பிக் கேட்கிறேன், அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். வார்டிலிருந்தும் நூலகத்திலிருந்தும் களைத்து வருகிறவர்கள் மாலையில் தாமே வந்து படுத்துக்கொள்ள ஓர் அறையைத் திறந்து வையுங்கள், ஒரு மின்விசிறியோடு.

நீ மைதானத்தில் நிற்கும் அந்த நேரத்தில், அவர்கள் சொல்லும் ஆசனத்தைச் செய்துகொண்டே வெளிமூச்சை மட்டும் நீளமாக விட்டுக்கொண்டிரு. அதற்கு யாரும் வருகைப்பதிவு எடுக்க முடியாது.

திருமூலர் பிராணாயாமத்துக்கு 16, 64, 32 என்று மாத்திரை என்னும் கால அளவில் கணக்கு சொல்லியிருக்கிறார். தாங்கள் சென்ற இதழில் மூச்சை அடக்கவே வேண்டாம் என்று எழுதியது எங்ஙனம்?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அரூர்

ஐயா, இந்தக் கேள்விக்காக உங்களை வணங்குகிறேன். 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விடுவது குருவின் அருகிலிருந்து ஆண்டுக்கணக்கில் பழகியவர்களுக்கான அளவு. ஏற்கெனவே நெஞ்சு படபடத்துக்கொண்டிருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் மூச்சை நிறுத்தச் சொன்னால், மூச்சு முட்டுகிறது என்ற பயம்தான் கூடும். அதனால்தான் நடு எண்ணை விட்டுவிட்டேன். மற்ற இரண்டையும் பாருங்கள். இழுப்பது 16, விடுவது 32. வெளிமூச்சு உள்மூச்சின் இரட்டிப்பு. என் ஈ.சி.ஜி. காகிதத்தில் கோடுகள் விலகி நின்ற இடமும் அந்த வெளிமூச்சுதான். 4-க்கு 6 என்று தொடங்கும் பிள்ளைகள் ஒரு மாதத்தில் 4-க்கு 8-ஐத் தொட்டுவிடுவார்கள், அப்போது திருமூலர் கணக்கில் பாதி கைவந்துவிடும்.

இதோடு சேர்த்து, சிறுவயதில் வலிப்பு வந்த ஒரு மாணவி வீடியோ பார்த்துக் கபாலபாதி செய்வதாக எழுதியிருக்கிறாள். வேண்டாம் அம்மா, இன்றே நிறுத்திவிடு. வலிப்பு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேகமான மூச்சுப் பயிற்சிகள் ஆகாது. மெதுவான மூச்சே உனக்குப் போதும்.

யோகா வகுப்பில் ஓம் சொல்லச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் தயங்குகிறார்கள். சொல்லாமல் செய்தால் பலன் இருக்காதா?
— மாணவி, கிருஷ்ணகிரி

முழுப் பலனும் இருக்கும், மகளே. வாயை மூடிக்கொண்டு, தேனீ ரீங்கரிப்பதுபோல ‘ம்’ என்று நீளமாக ஒலி எழுப்பு. நம் தமிழின் மெல்லின எழுத்துதான் அது. அந்த ஒலி முடியும் வரை வெளிமூச்சு தானாகவே நீண்டுவிடும். உன் நம்பிக்கையில் உனக்கு அமைதி தரும் சொல் எதுவோ அதை மனத்துக்குள் வைத்துக்கொள்.

நான் பயிற்சி மருத்துவர். சொந்த ஊர் சேலம். 24 மணி நேர டியூட்டி முடிந்ததும் பைக்கில் ஊருக்குப் போய்விடுவேன். தூக்கம் வராமல் இருக்க, கிளம்பும் முன் 10 நிமிடம் மூச்சுப் பயிற்சி செய்கிறேன். வேறு ஏதாவது ஆசனம் சேர்த்துக்கொள்ளலாமா?
— பயிற்சி மருத்துவர், தருமபுரி

தம்பி, ஆசனத்தை விடு. முதலில் பைக் சாவியை யாரிடமாவது கொடு.

தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட சாலை என்பது அவசரப் பிரிவில் நின்ற உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இறக்கத்தில் லாரிகள் மோதி வந்தவர்களுக்கு நீயே தையல் போட்டிருப்பாய். ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவனின் கண்கள் அவனுக்குத் தெரியாமலேயே இரண்டு, மூன்று விநாடி மூடிக்கொள்ளும். எந்தப் பிராணாயாமமும் அதைத் தடுக்காது. சொல்லப்போனால், மெதுவான மூச்சு உன்னை இன்னும் தூக்கத்தின் பக்கம்தான் கொண்டுபோகும். தூக்கத்துக்கு மாற்று தூக்கம் மட்டும்தான். விடுதியிலேயே நான்கு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்பு. அன்றே போயாக வேண்டுமென்றால் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் சாய்ந்துகொள்.

டியூட்டி நடுவே 15 நிமிடம் கிடைத்தால், சவாசனத்தில் படுத்துக் கால்விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்து. ஒரு நோயாளியை இழந்த பிறகு அடுத்த கட்டிலுக்குப் போகும் முன், கை கழுவும் அந்த அரை நிமிடத்தைப் பயன்படுத்திக்கொள். தண்ணீர் விரல்களில் ஓடும்போது மூன்று நீண்ட வெளிமூச்சு. அழுகை வந்தால் அழுதுவிடு. எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, அதனால் உனக்குச் சொல்கிறேன்.

உறைமேல் பெயர் இல்லாத ஒரு கடிதம். நான்காவது முறையாகப் படித்துவிட்டு எழுதுகிறேன். இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வகுப்புக்குப் போவதில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது, யோகாவும் செய்துபார்த்துவிட்டேன், அதிலும் தோற்றுவிட்டேன் என்கிறது அது.

கண்ணு, நீ எதிலும் தோற்கவில்லை. யோகா தாங்க வேண்டிய சுமை அல்ல இது. நீ எழுதியிருக்கும் அறிகுறிகள் மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். உனக்கு நிமோனியா வந்திருந்தால், மூச்சுப் பயிற்சி செய்து குணமாகவில்லையே என்று உன்னையே நொந்துகொள்வாயா? இதற்கு மருந்து உண்டு, ஆலோசனை உண்டு, குணமானவர்கள் உண்டு. என் மாணவர்களிலேயே உண்டு. அவர்கள் இன்று நல்ல மருத்துவர்களாக இருக்கிறார்கள்.

இதைப் படித்ததும், இன்றே, இரவாக இருந்தாலும், 14416 என்ற எண்ணுக்குப் பேசு. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 104-க்கும் பேசலாம். அறைத்தோழரையோ தோழியையோ எழுப்பி, “எனக்கு வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது, என்னோடு இரு” என்று அதே சொற்களில் சொல். நாளைக் காலையில் மனநல மருத்துவரைப் பார். உன் கல்லூரியில் யாராவது தெரிந்துகொள்வார்களே என்று கூச்சமாக இருந்தால் வேறு ஊர் மருத்துவமனைக்குப் போ. மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்காகவே தமிழக அரசு ‘மனம்’ என்ற மன்றங்களையும் தொடங்கியிருக்கிறது.

விடுதியில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். திடீரென்று மெஸ்ஸுக்கு வராமல் போகிறவரை, புத்தகங்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறவரைக் கவனியுங்கள். வாழப் பிடிக்கவில்லையா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விட்டுவிட்டு உதவி தேடி ஓடாதீர்கள், ஒருவர் கூடவே இருங்கள்.

பெயர் எழுதாத பிள்ளையே, குணமாகிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி எழுது. பெயர் வேண்டாம், கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்வேன்.

களி சாப்பிட்ட பிறகு யோகா செய்யலாமா? பாய் விலை அதிகமாக இருக்கிறது, அவசியம் வாங்க வேண்டுமா?
— முதலாம் ஆண்டு மாணவர், காவேரிப்பட்டணம்

கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டால் மூன்று மணி நேரமாவது போகட்டும், தம்பி. மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் போதும். காலையில் வெறும் வயிற்றில் செய்வதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

பாய் வாங்க வேண்டாம். மார்கழியில் விடுதித் தரை சில்லிடும், அதற்காக அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் ஒரு பழைய ஜமுக்காளம் கேட்டு வாங்கி வா. நான்காக மடித்தால் உட்காரலாம், இரண்டாக மடித்தால் படுக்கலாம்.